உயிரோடிருப்பவருக்கு எழுதிய கல்வெட்டு

எங்கள் ஊர்ப்பக்கம் யார் செத்தாலும், செத்த வீட்டுப் பந்தலைக் கழற்றுவதற்கு முன்னரே என் கைத்தொலைபேசி அடிக்கும். "ரீச்சர், கல்வெட்டு ஒண்டு எழுதித் தரவேணும்" என்பார்கள். வெளியூர்க்காரர்கள் கல்வெட்டு என்றால் பாறையில் உளியால் வெட்டியது என்று நினைத்துக்கொள்வார்கள். யாழ்ப்பாணத்தில் அது ஒரு சின்னப் புத்தகம். முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு வருகிறவர்களுக்குச் சாப்பாடு போட்டு, போகும்போது கையில் கொடுத்துவிடுவது. அட்டையில் இறந்தவரின் படம், உள்ளே தேவாரம், கடைசியில் நன்றி நவிலல், நடுவில் இறந்தவரின் வாழ்க்கை வரலாறு. அந்த நடுப்பகுதிதான் என் பொறுப்பு.

நான் முன்பள்ளி ஆசிரியை. காலையில் வாசிக்கத் தெரியாத பிள்ளைகளோடு என் பொழுது போகும். பின்னேரத்தில் இனி வாசிக்கவே முடியாத ஆட்களைப் பற்றி எழுதுவேன். இரண்டு தரப்பிலிருந்தும் இதுவரை என் எழுத்துக்கு ஒரு குறையும் வந்ததில்லை. அதனால் என் தமிழைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது உண்மை.

கல்வெட்டில் கெட்டவர் என்று ஒருவர் கிடையாது. எல்லைக்காகப் பக்கத்து வளவுக்காரரோடு ஆயுள் முழுக்க வழக்காடியவர் அங்கே "நீதிக்காகக் குரல் கொடுத்தவர்". கள்ளுத் தவறணையே கதியென்று கிடந்தவர் "நண்பர்களோடு அளவளாவுவதில் பெருவிருப்புக் கொண்டவர்". எல்லோரும் வளங்கொழிக்கும் மண்ணில்தான் பிறப்பார்கள், எல்லோரும் இன்முகத்துடன் வரவேற்பார்கள். வீட்டுக்காரர் வாசித்துவிட்டுக் கண்ணைத் துடைப்பார்கள். இதில் பொய் என்று சொல்ல என்ன இருக்கிறது? அது ஒரு முறை, அவ்வளவுதான்.

பிள்ளைகள் வளர்ந்து கை கொஞ்சம் ஓய்ந்தபிறகு நான் வெளிவாரிப் பட்டப்படிப்பில் சேர்ந்தேன். கொடிகாமத்தில் இருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் எடுத்து, கண்டி வீதியால் ஆடி அசைந்து போய், நல்லூரில் ஒரு படிப்பு நிலையத்தில் குந்தியிருப்பேன். வகுப்பில் மற்றவர்கள் எல்லாம் என் மகள் வயதுக்காரர். கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் சைக்கிளில் வந்து இறங்கி, கதிரையில் இருக்கமுதலே கைத்தொலைபேசியை எடுத்துவிடுவார்கள். ஒப்படை என்று எதைக் கொடுத்தாலும், அதாவது வீட்டில் எழுதிக்கொண்டு வரச்சொல்லும் கட்டுரை எதுவானாலும், அரை மணித்தியாலத்தில் முடித்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போவார்கள். எழுதியது செயற்கை நுண்ணறிவு. அவர்கள் சுருக்கமாக ஏஐ என்பார்கள், ஏதோ மாமா மச்சான் மாதிரி. "ஏஐயிட்டைக் கேட்டனியே?" "ஓம், கேட்டிட்டன், தந்திட்டுது."

எங்களுக்குச் சமூகவியல் படிப்பித்த விரிவுரையாளர் சின்னப்பெடியன். சின்னப்பெடியன் என்றாலும் கெட்டிக்காரன், நேர்மையானவன். என்னை "ரீச்சர்" என்பார், நான் அவரைச் "சேர்" என்பேன். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் எழுந்து நிற்காத குறை. அவருடைய சட்டம் ஒன்றேதான். ஏஐ பாவித்தால் பாவித்தது என்று எழுதிக் கையெழுத்து வையுங்கள், பாவிக்காவிட்டால் பாவிக்கவில்லை என்று வையுங்கள். அதில் பொய் சொன்னால் அந்த வருடப் பெறுபேறு முழுவதும் நிறுத்தப்படும். எனக்கு அது கடைசி வருடம். இந்த முழங்கால்களை வைத்துக்கொண்டு இன்னொரு வருடம் அந்தப் பஸ்ஸில் ஏறி இறங்க என்னால் முடியாது.

கடைசி ஒப்படை, ஒரு சந்தை வியாபாரியை நேரில் கண்டு பேசி அவரைப் பற்றி எழுதுவது. எனக்கென்ன, கொடிகாமம் சந்தை வீட்டுக்குப் பக்கத்தில். ஒரு சனிக்கிழமை காலையில் போய், பலாப்பழ வியாபாரி ஒருவருக்கு முன்னால் நின்று வணக்கம் சொன்னேன்.

"வாங்க வந்தனியோ, பாக்க வந்தனியோ?" என்றார்.

"பேட்டி எடுக்க வந்தனான் அண்ணை."

"அப்ப வழியை விட்டு நில். பின்னாலை ஆக்கள் வருகினம்."

அவருக்கு அறுபத்தைந்துக்கு மேலிருக்கும். பழத்துக்குப் பின்னால் சாக்கு விரித்து இருந்துகொண்டு வருகிறவர் போகிறவர் எல்லோரையும் ஏசிக்கொண்டிருந்தார். நான் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு அதில் இருந்து மத்தியானம் வரைக்கும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து எழுத இருந்தபோது கை தன்பாட்டில் ஓடியது. இத்தனை வருடம் ஓடிய அதே தடத்தில் ஓடியது. ஒரு வெட்டு இல்லை, திருத்தம் இல்லை. ஏஐ பாவிக்கவில்லை என்று பெருமையோடு கையெழுத்து வைத்து, அவருடைய தொலைபேசி இலக்கத்தையும் கீழே போட்டுக் கொடுத்தேன்.

அடுத்த ஞாயிறு வகுப்பு முடிந்ததும் விரிவுரையாளர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கூப்பிட்டவர் கதவையும் சாத்தினார். மேசையில் இரண்டு கட்டுரைகள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன.

"ரீச்சர், இது உங்கடை. மற்றது நான் ஏஐயிட்டைக் கேட்டு எடுத்தது. கொடிகாமம் சந்தை வியாபாரி ஒருத்தரைப் பற்றி எழுதித் தா எண்டு கேட்டனான். ரெண்டையும் வாசிச்சுப் பாருங்கோ."

வாசித்தேன். அதிலும் வளங்கொழிக்கும் மண், இதிலும் வளங்கொழிக்கும் மண். அதிலும் இன்முகம், இதிலும் இன்முகம். பெயரை எடுத்துவிட்டுக் கலைத்துப் போட்டால் எது என்னுடையது என்று எனக்கே சந்தேகம் வரும். ஆனால் ஒரு இடத்தில் இயந்திரம் வசமாக மாட்டியிருந்தது. ஆற்றங்கரையில் இருந்து மரக்கறி வருவதாக எழுதியிருந்தது.

"இஞ்சை பாருங்கோ சேர்!" என்று துள்ளினேன். "யாழ்ப்பாணத்திலை எங்கை ஆறு? கிணத்துத் தண்ணியிலை உயிர் வாழுற சனம் நாங்கள். உதுக்கு ஊரும் தெரியாது, ஒண்டும் தெரியாது."

அவர் என் கட்டுரையின் முதல் வரியில் விரலை வைத்தார். "ஆறும் வயலும் சூழ்ந்து வளங்கொழிக்கும் தென்மராட்சி மண்ணிலே" என்றிருந்தது.

அந்த ஆற்றை நான் எத்தனை கல்வெட்டில் ஓடவிட்டிருப்பேன்! ஒரு வீட்டுக்காரராவது எங்கே அம்மா ஆறு என்று கேட்டிருந்தால் இந்த அவமானம் வந்திருக்காது. "அது கல்வெட்டு முறை சேர்" என்று சொல்லிப் பார்த்தேன். என் குரல் எனக்கே நம்பும்படியாக இல்லை.

அவர் மெதுவாகச் சொன்னார். "ரீச்சர், உங்களிலை எனக்கு மரியாதை இருக்கு. பாவிச்சனான், எழுத மறந்துபோனன் எண்டு சொல்லிப் போட்டியளெண்டால் கொஞ்சப் புள்ளியைக் குறைச்சுப்போட்டு நான் விட்டிடுவன். பாவிக்கேல்லை எண்டு நிண்டால் விசாரணைக்குப் போகவேணும். அங்கை பிழைச்சுதோ, வருசமே போயிடும்."

"நான் பாவிக்கேல்லை சேர். வேணுமெண்டால் அந்த மனிசனைக் கேளுங்கோ."

கேட்டார். வியாபாரிக்குப் போன் எடுத்து ஒலிபெருக்கியில் போட்டு, என்னை ஒரு சொல்லும் பேசக்கூடாது என்று சைகை காட்டினார். சந்தைச் சத்தம் அறைக்குள் வந்து நிறைந்தது.

"ஐயா, நான் நல்லூர்ப் படிப்பு நிலையத்திலை இருந்து கதைக்கிறன். உங்களை ஒரு ரீச்சர் வந்து பேட்டி எடுத்தவவே?"

"இஞ்சை எத்தினை பேர் வந்து அலட்டிக்கொண்டு நிக்கினம். எந்த ரீச்சரைக் கண்டன் நான்?"

"சரி, அவ எழுதினதை வாசிக்கிறன். நீங்கள்தானோ எண்டு சொல்லுங்கோ." விரிவுரையாளர் வாசித்தார். "பெற்றோர் செய்த தவப்பயனாய் அவதரித்த இவர், நாடி வருவோரை இன்முகத்துடன் வரவேற்று, இன்சொல் பேசி, கொள்வோர் மனம் கோணாது வணிகம் புரியும் பண்பாளர்."

"தம்பி, ஆர் செத்தது?" என்றார் வியாபாரி.

"ஒருத்தரும் சாகேல்லை ஐயா. இது உங்களைப் பற்றி எழுதினது."

"என்னைப் பற்றியோ? விசரே? நான் ஆரை இன்முகத்தோடை வரவேற்றனான்? உது நானில்லை. வேறை ஆரோ செத்துப்போன மனிசன். வையும் போனை."

போன் வைக்கப்பட்டது. விரிவுரையாளர் சிரிப்பை அடக்க யன்னல் பக்கம் திரும்பினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்னிடமிருந்த ஒரே சாட்சி, அதுவும் உண்மையைத் தவிர வேறொன்றும் சொல்லாத சாட்சி, என்னைக் கவிழ்த்துப் போட்டுவிட்டது.

வெளியில் வந்து மகளுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். அவள் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, "அம்மா, உங்கடை கட்டுரையை ஏஐயிட்டைக் குடுத்து, மனிசர் எழுதின மாதிரி மாத்தித் தரச்சொல்லுங்கோ" என்றாள்.

"நான் மனிசிதானேடி!"

"அது உங்களுக்கும் எனக்கும்தானே தெரியும். சரி விடுங்கோ, பாவிச்சனான் எண்டு சொல்லிப்போட்டு வாங்கோ. கொஞ்சப் புள்ளிதானே போகப்போகுது."

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஒரு சின்னப் பொய். சொன்னால் பட்டம் கைக்கு வரும். சொல்லாவிட்டால் வருடம் போகும், ஊருக்குள் "களவெழுத்து ரீச்சர்" என்ற பெயரும் வரும். எங்கள் ஊரில் அப்படிப்பட்ட செய்தி நான் பஸ்ஸால் இறங்கமுதலே சந்திக்கு வந்துவிடும். உண்மையைச் சொல்லுகிறேன், கதவு வரைக்கும் போகும்போது நான் ஓமென்று சொல்லத்தான் போனேன். ஆனால் கதவைத் திறந்ததும், மேசையில் அந்த இரண்டு கட்டுரையும் இரட்டைப் பிள்ளைகள் போலக் கிடந்ததைப் பார்த்ததும் எனக்குக் கோபம் தலைக்கேறியது. இயந்திரத்தின் மேலும் கோபம், என் மேலும் கோபம். நேர்மையாய் எழுதியவள் களவெடுத்தேன் என்று பொய்க் கையெழுத்து வைப்பதா? இதென்ன கோதாரி நியாயம்!

"சேர், ஒரு தாளும் பேனையும் தாங்கோ" என்றேன். "என்ரை போனை நீங்களே எடுத்து வையுங்கோ. இதிலை உங்களுக்கு முன்னாலை இருந்தே அந்த மனிசனைப் பற்றித் திரும்ப எழுதித் தாறன். எழுதி முடிய அவருக்கு வாசியுங்கோ."

"அவர் திரும்பவும் தானில்லை எண்டு சொன்னால்?"

"விசாரணைக்கு அனுப்புங்கோ."

சொல்லிவிட்டேனே தவிர, எழுத இருந்தபோது கை பழைய தடத்துக்குத்தான் போனது. "வளங்" என்று எழுதி வெட்டினேன். "நாடி வரு" என்று எழுதி வெட்டினேன். எனக்கு அவ்வளவு நம்பிக்கையான கை அன்றைக்கு எனக்கே துரோகம் செய்தது. பிறகு அந்தச் சாக்கையும் பெட்டியையும் நினைத்துக்கொண்டு, கண்ணால் கண்டதை மட்டும், பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை ஓடிவந்து கோள் சொல்லுவது மாதிரி எழுதத் தொடங்கினேன். அது எவ்வளவு சுகமாக இருந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள்.

எழுதி முடித்ததும் விரிவுரையாளர் திரும்பவும் தொலைபேசியை எடுத்தார். வியாபாரி "இன்னும் சாகேல்லையோ அந்தாள்?" என்று கேட்டார். "இதையும் ஒருக்காக் கேளுங்கோ ஐயா" என்று கெஞ்சிவிட்டு அவர் வாசிக்கத் தொடங்கினார்.

"இவருக்குச் சிரிக்கத் தெரியாது. பெருவிரலால் பழத்தை அமத்திப் பார்ப்பவர்களைக் கண்டால் பிடிக்காது. 'உன்ரை வயித்தை நான் அமத்திப் பாக்கட்டே?' என்று கேட்பார். பலாப்பழம் விற்கும் இவர் பலாச்சுளை சாப்பிடுவதில்லை, வயிற்றுக்கு ஒத்துவராதாம்."

விரிவுரையாளர் தாளைத் திருப்பினார்.

"அவுஸ்திரேலியாவில் இவருக்கு ஒரு பேத்தி. சனிக்கிழமைகளில் படம் தெரியும்படி போன் எடுப்பாள். இவர் போனைப் பழத்துக்குப் பக்கத்தில் பிடித்து, விரல் மொளியால் தட்டுவார். அவள் சத்தத்தைக் கேட்டுப் பழமா காயா என்று சொல்ல வேண்டும். அது அவர்கள் இரண்டு பேருக்கும் இடையில் நடக்கும் போட்டி. நான் இருந்த அன்று அவள் 'காய்' என்றாள். இவர் 'பழம்' என்று அடித்துச் சொன்னார். கத்தியை எடுத்து ஒரு கீறுக் கீறினார். வெள்ளைப் பால் வடிந்தது. இவர் உடனே போனை மறுபக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு, 'பழமடி, பொன் மாதிரிக் கிடக்கு, நீ தோத்திட்டாய்' என்றார்."

"எடி!" என்று போன் வெடித்தது. விரிவுரையாளர் கையில் இருந்து தாளே நழுவியது. "அந்தப் பெட்டியிலை குந்திக்கொண்டிருந்த ரீச்சரே நீ? உதை ஆர் உன்னைப் பாக்கச் சொன்னது? பேட்டி எடுக்க வந்தனியோ, என்ரை வீட்டு விசளம் பொறுக்க வந்தனியோ?"

விசளம் என்றால் எங்கள் பக்கத்தில் புதினம். எனக்குச் சந்தோசத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு மனிதன் என்னை அவ்வளவு ஏசி, நான் அவ்வளவு மகிழ்ந்தது அதுதான் முதல் தடவை.

"அண்டைக்கு அந்தப் பழம் பிழைச்சது எனக்குத் தெரியாமலில்லை" என்று அவர் நிறுத்தாமல் கத்தினார். "நீ பக்கத்திலை இருந்து தொணதொணத்ததாலை எனக்குச் சத்தம் வடிவாக் கேக்கேல்லை!"

"அப்ப இது நீங்கள்தானோ ஐயா?" என்று கேட்டார் விரிவுரையாளர்.

"வேறை ஆர்? என்ரை பேத்தியை என்னை விட்டால் ஆர் ஏமாத்திறது?"

விரிவுரையாளர் இப்போது சிரிப்பை மறைக்கவில்லை. பேனையை எடுத்து, புதுத் தாளில் நான் எழுதியதற்குக் கீழே "மாணவியின் சொந்த எழுத்து" என்று எழுதித் தன் கையெழுத்தையும் வைத்தார். எனக்கு முழங்கால் நோவும் தெரியவில்லை, வெளியில் கொளுத்திய வெயிலும் தெரியவில்லை. பிறகு அவர் பழைய கட்டுரையைத் தூக்கிக் காட்டினார். "ரீச்சர், இதைக் கிழிச்சுப் போடட்டே?"

"வேண்டாம் சேர்" என்றேன். வாய் சும்மா இருக்கவில்லை. "அவர் செத்தாப் பிறகு தேவைப்படும்."

"கேக்குது, கேக்குது!" என்றது போன். வைக்கவில்லை என்பதை நாங்கள் இரண்டு பேருமே மறந்துவிட்டோம். "நான் செத்தாலும் உந்தக் கண்டறியாத இன்முகம் எனக்கு வேண்டாம், சொல்லிப்போட்டன். இப்ப வாசிச்சதைப் போடு. அந்தப் பழத்தின்ரை கதையை மட்டும் எடுத்துவிடு."

"எதை வேணுமெண்டாலும் எடுக்கிறன் அண்ணை. அதை மட்டும் எடுக்க மாட்டன். நீங்கள் அந்தப் பிள்ளைக்குச் சொன்ன பொய்தான் என்னைக் காப்பாத்தினது."

போனில் யாரோ விலை கேட்பது கேட்டது. "கொஞ்சம் பொறு" என்று அவரை நிறுத்தினார்.

"அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது" என்றார் கடைசியில். குரல் தணிந்திருந்தது. "கதைச்சால் விளங்கும். நீ வாற சனிக்கிழமை சந்தைக்கு வந்து, அவளுக்கு இதை ஒருக்கா வாசிச்சுக் காட்டுவியே பிள்ளை?"

"முழுக்கவோ அண்ணை?"

"முழுக்கத்தான். அவள் வெண்டது வெண்டதுதானே."